மூணு ஏ, மூணு பி, ஒரு ஹெல்ப்பர்

சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தேகப்படுவது என் தொழில். சர்வரில் ஓடும் வெப் புரோகிராம்கள் எழுதுகிறேன். ஃபார்மில் ஒருவர் எதை நிரப்பி அனுப்பினாலும் அது தப்பு என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். வயது கேட்ட கட்டத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். போன் நம்பர் கேட்டால் 'பழைய நம்பர்தான்' என்று பதில் வரும். இந்தத் தொழிலில் நரை விழுந்தும், நான் சந்தேகப்படாமல் விட்டுவைத்த ஒரே ஆள் யார் என்பது சென்ற தை மாதம்தான் தெரிந்தது.

திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் குழு ஒரு அறுவடை மெஷின் வாங்கியிருந்தது. ஈர வயலிலும் இறங்கக்கூடிய பெல்ட் மெஷின். குழுவின் செயலாளர் என்னோடு கல்லூரியில் படித்தவன். மெஷின் யாருக்கு எந்த நாள் என்பதில் தினமும் சண்டை என்று புலம்பினான். நான் ஒரு ஃபார்ம் எழுதிக் கொடுத்தேன். பெயர், சர்வே நம்பர், வேண்டிய நாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திறக்கும். அப்படித் திறந்தால் ஊரே ஆறு மணிக்குப் போனை அமுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறவன் இல்லை.

முதல் வாரப் பட்டியல் வெளிவந்த அன்றே செயலாளன் கூப்பிட்டான். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் மெஷினை வயலில் இறக்க விடமாட்டேன் என்கிறாராம். அவருடைய சம்பா சாய்ந்து கிடக்கிறது. வியாழன் அவருடைய நாள், வெள்ளி மழை என்கிறார்கள். நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும்.

காரணம் கேட்டேன். அவரும் அவருடைய கொழுந்தனாரும் இரண்டு வருடங்களுக்கு முன்பு பாகம் பிரித்துக்கொண்டவர்கள். கொழுந்தனாருக்கு 112/3ஏ, அம்மாவுக்கு 112/3பி. பட்டியலில் ஏயும் இல்லை, பியும் இல்லை. 112/3 என்று பிரிக்காத பழைய நம்பர் இரண்டு தடவை இருந்தது. இரண்டு தடவையும் கொழுந்தனார் பெயர்.

"தபாலாபீஸ்ல முப்பது வருஷம் ஃபார்ம் பாத்தவங்கடா," என்றான் செயலாளன். "அவரு பேர்ல அறுத்தா நாளைக்கு சாகுபடி அவருதுன்னு எழுதிக்குவாருங்கறாங்க. நெல்லு முளைச்சாலும் பரவால்லையாம்."

சந்தேகப்பட ஆட்கள் கிடைத்தால் எனக்குச் சோறு வேண்டாம். முதலில் அந்த அம்மாவையே சந்தேகப்பட்டேன்: கண்ணாடி போடாமல் நிரப்பியிருப்பார். சர்வரின் பதிவைப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு போனிலிருந்து வந்திருந்தன. அப்படியானால் ஒன்று அம்மாவின் போன். அதிலிருந்தே கொழுந்தனார் பெயர் வந்திருக்கிறது. உடனே கொழுந்தனாருக்குத் தாவினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். போனை எடுத்து அமுக்கிவிட்டு வைத்திருப்பார். பிறகு செயலாளன். அவனும் கொழுந்தனாரும் ஒரே டீக்கடை. புதன் மதியம் வரை இப்படி ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்தபின், வேறு ஆள் இல்லாத காரணத்தால், நான் எழுதியதைத் திறந்து படித்தேன்.

அதில் ஃபார்முக்கென்று ஒரு ஹெல்ப்பர், அதாவது எடுபிடி வேலை செய்யும் குட்டி புரோகிராம், எழுதியிருந்தேன். அது ஸ்டேட்டிக் மெத்தட் வகை. ஸ்டேட்டிக் மெத்தட் என்பது ஆளை அமர்த்தாமலே வேலை வாங்கும் வசதி. யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் கூப்பிடலாம். கொடுத்ததைச் செய்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போய்விடும். கை காலியாக இருக்கும் வரை அதைப் போல நல்ல பிள்ளை கிடையாது. நான்தான் பெருந்தன்மையாக அதற்கு ஒரு பை மாட்டிவிட்டிருந்தேன். ஃபார்ம் தப்பாக இருந்து திரும்பி வந்தால், பாவம், பெயரை மறுபடி அடிக்க வேண்டாமே என்று கடைசியாக வந்த பெயரை அந்தப் பையில் வைத்துக்கொள்ளும். அது சர்வர் முழுமைக்கும், வருகிற எல்லோருக்கும், ஒரே பை. நான் ஒருவனே உட்கார்ந்து சோதித்தபோது ஒவ்வொரு தடவையும் என் பெயரைச் சரியாக நினைவு வைத்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆறு மணிக்கு இருவரும் ஒன்றாக அமுக்கியிருக்கிறார்கள். அம்மா முந்தியிருக்கிறார், ஃபார்ம் அவருக்குத் திரும்பிப் போவதற்குள் கொழுந்தனார் பெயர் பைக்குள் விழுந்துவிட்டது. சர்வே நம்பரில் எழுத்தும் வரும் என்று தெரியாமல் நான் எண் மட்டும்தான் என்று வைத்திருந்தேன். எழுத்து கூடாது என்று திரையில் வந்ததும், கொழுந்தனார் 'ஏ'யை எடுத்துவிட்டு அனுப்பினார். அம்மா அந்த 'பி'யை மட்டும் எடுத்துவிட்டு, மேலே பெயர் மாறியிருப்பதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கச் சில வழிகள் தோன்றின. போன் கோளாறு என்று சொல்லலாம். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்த நெல் அதை நம்பாது. ராத்திரிக்குள் திருத்திவிட்டு, வியாழன் காலை லேப்டாப்போடு வயலுக்கே போனேன்.

மெஷின் ரோட்டில் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா வரப்பில் குடையோடு நின்றார். அம்மாவின் வயலைத் தாண்டித்தான் தன் வயலுக்கு மெஷின் போக முடியும் என்பதால் கொழுந்தனாரும் நின்றார், பத்தடி தள்ளி. தப்பு என்னுடையது என்று ஆரம்பித்து, பை வரைக்கும் விளக்கினேன். அம்மா கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"உங்க தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க," என்றார். "யாரு தம்பி சொல்லச் சொன்னது?"

"அண்ணி, எனக்கு இவரை யாருன்னே தெரியாது," என்றார் கொழுந்தனார்.

"நான் உங்களைக் கேக்கலை." மறுபடி என் பக்கம் திரும்பினார். "ஊர்ல இத்தனை பேர் அமுக்கினாங்கல்ல. எனக்கு மட்டும் இவரு பேரு ஏன் வரணும்?"

பதில் இருந்தது. வெறும் எண் போட்டவர்களின் ஃபார்ம் திரும்பவே இல்லை. எழுத்து இருந்தவை மட்டும்தான் திரும்பின. பாகம் பிரித்த நிலத்துக்குத்தான் எழுத்து வரும். ஆக, என் ஹெல்ப்பர் ஊரிலேயே பாகம் பிரித்த பங்காளிகளாகத் தேடிப்பிடித்து ஒரே பைக்குள் போட்டிருக்கிறது. நான் சொல்லி முடித்ததும் மெஷின்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார். இது சீக்கிரம் முடியாது என்று நினைத்திருக்க வேண்டும்.

அம்மா கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்தார்.

"சரி. இப்ப என் கண்ணு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அமுக்கணும். அவரு ஏ போடட்டும், நான் பி போடறேன்."

என்னோடு வந்திருந்த செயலாளன் இருவரின் பழைய பதிவுகளையும் அழித்தான், நான் ஃபார்மை மறுபடி திறந்துவிட்டேன். அண்ணியும் கொழுந்தனாரும் வரப்பில் அருகருகே வந்து நின்றார்கள். பாகம் பிரித்த பிறகு இவ்வளவு நெருங்கி நிற்பது இதுதான் முதல் தடவை என்று செயலாளன் என் காதில் சொன்னான். மூன்று எண்ணச் சொன்னார்கள். நான்தான் எண்ணினேன், என் வாழ்க்கையில் இவ்வளவு பயந்து எண்ணியதில்லை.

திரையில் 3ஏ அவர் பெயரிலும் 3பி இவர் பெயரிலும் வந்தன. அம்மா கொழுந்தனாரின் போனை வாங்கி அதிலும் ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு மெஷின்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார். மதியத்துக்குள் இரண்டு வயலும் முடிந்தன. மழை வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தது.

அடுத்த போகம், குறுவை அறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் போன் அடித்தது. அந்த அம்மாதான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"தம்பி, கொழுந்தனாரு இன்னும் பல்லு தேய்ச்சிட்டுதான் இருக்காரு. திறந்ததும் நான் போட்டுரவா?"

போடுங்கம்மா, இனி ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து, அந்த ஹெல்ப்பரை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.