வால் வைத்த மவுஸ்

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் ஒரு சிற்றூர். அதன் கடைசித் தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில், ஜன்னலை ஒட்டிய இரும்புக் கட்டிலில் தமிழரசன் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டச் சவுக்குச் சாரத்தில் ஏறியிருந்தான். திடீரென்று அடித்த காற்று பேனரைத் தூக்கி அவன் மேல் அறைந்தது. மல்லாந்து விழுந்தவன் அதற்குப் பிறகு எழுந்து நிற்கவில்லை.

பேனர் கட்டப் போனவன் பேனர் வடிவமைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். சங்கராபுரத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த அரங்கநாதன், தன் கடையில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் விரலால் தேய்க்கிற டச்பேட் செத்துப்போயிருந்தது. ஒயர் மவுஸ் ஒன்றைச் செருகிவிட்டு, "சும்மா படுத்துக்கினு கூரைய பாக்குறதுக்கு இத்த நோண்டிக்கினு இரு தமிழு" என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழரசன் யூடியூப் பார்த்து நோண்டினான். ஆறு மாதத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கையிலிருந்து போக ஆரம்பித்தன. அந்த வட்டாரத்துச் சாலையோரங்களில் சிரித்துக்கொண்டிருந்த முகங்களில் பாதி அவன் வெட்டி ஒட்டிய முகங்கள். தொங்கவிட்ட இடத்தில் அவற்றில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

லேப்டாப்பை வைக்க வயிற்றுக்கு மேலே குறுக்காக நிற்கும்படி ஒரு பலகை செய்திருந்தார்கள். மவுஸ் அதன் வலது ஓரத்தில். அந்த ஒயர்தான் தொல்லை. லேப்டாப்பிலிருந்து இறங்கி, அவன் இடுப்புப் பக்கம் சுருண்டு, சிறுநீர் சேரும் பைக்குப் போகிற குழாயோடு பின்னிக்கொள்ளும். குழாய் இழுபட்டால் அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அவசரத்தில் மவுஸை வெடுக்கென்று இழுத்துவிட்டு வேலையில் மூழ்கிவிட்டான். சாயங்காலம் அம்மா சாலம்மாள் வந்து பார்த்தபோது பையில் சிவப்பாக இறங்கியிருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துப் போக வேண்டியிருந்தது.

இதைப் போனில் கேட்டு அழுதவள் தங்கை ரம்யா. கல்யாணமாகி ஒரகடத்தில் இருந்தாள். அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. அடுத்த முறை வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து அவன் மார்பில் வைத்தாள். ஒயர் இல்லாத மவுஸ். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் கூழாங்கல் போல இருந்தது.

"இனிமே அந்த ஒயரு சனியனத் தூக்கிப் போடுண்ணா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதான். நீ எப்டி வேணா வச்சிக்கலாம், தொடமேல வச்சிக்கினு கூட பண்லாம்."

தமிழரசன் அதைத் தொடைமேல் வைத்துப் பார்த்தான். கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தான். ஜன்னல் விளிம்பில் வைத்துத் தேய்த்தான். எங்கே வைத்தாலும் திரையில் அம்பு ஓடியது. பல காலத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று அவன் படுத்திருக்கும் இடத்தோடு கட்டப்படாமல் இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க அவன் வேலை எதுவும் செய்யவில்லை. மவுஸை இங்கும் அங்கும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். ரம்யா அதைப் பார்த்துக்கொண்டே சோறு வடித்தாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் முதல் பழைய நடைமுறை. சாலம்மாள் விடிந்ததும் அவனைத் துடைத்து, புரட்டி, உடுத்தி, சோற்றையும் தண்ணீரையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கரும்புச் சோகை உரிக்கப் போவாள். போகும்போது கதவை இழுத்து வெளியே பூட்டு போடுவாள். ஒருமுறை திறந்து கிடந்த கதவு வழியாகத் தெருநாய் உள்ளே வந்து சோற்றுக் குண்டானை உருட்டி, பிறகு அவன் காலை முகர்ந்துகொண்டு நின்றது. அவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அன்றிலிருந்து பூட்டு. சாவி அவள் முந்தானையில் இருக்கும். போன் அவளுக்குக் கிடையாது; வேண்டாம் என்பாள்.

"பூட்டாத போம்மா" என்று அவன் கேட்டுப் பார்த்திருக்கிறான்.

"நாயி கடிச்சாக்கூட உனுக்குத் தெரியாதுடா. நான் அங்க வேலைய பாக்குறதா, உன்னிய நெனச்சிக்கினு இருக்குறதா?"



பங்குனி வெயில் கூரையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள், கடையிலிருந்து அபிநயா போன் செய்தாள். ஆர்டர் வாங்குவதும் பில் போடுவதும் அவள் வேலை. இரண்டு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தார்கள், நேரில் பார்த்ததில்லை.

"அண்ணா, ஒரு கண்ணீர் அஞ்சலி அனுப்பியிருக்கேன். பெரியவரு காலைல தவறிட்டாராம். சாயங்காலம் எடுத்துடுவாங்களாம், அதுக்குள்ள தெரு மொனைல கட்டணுமாம். சீக்கிரம்ணா."

"போட்டோ இன்னா இப்டி மங்கலா கீது?"

"ரேஷன் கார்டுலேர்ந்து எடுத்தது. வேற இல்லியாம். நீங்க பாத்து பண்ணுங்க."

தமிழரசன் முகத்தைப் பெரிதாக்கி, மங்கலைத் தேய்த்து, சட்டைக் காலரைச் சரிசெய்தான். பெயர்களைப் போட்டான். பேரன் பேத்திகள் படங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளங்கை வியர்வையில் மவுஸ் வழுக்கியது. பலகை ஓரத்தைத் தாண்டி விழுந்தது. சிமெண்ட் தரையில் அது பட்ட சத்தமும், உருண்டு கட்டிலுக்கு அடியில் போன சத்தமும் கேட்டது.

அவன் கை தன்னால் பலகை ஓரத்துக்குப் போய் ஒயரைத் தேடியது. ஒயர் இல்லை.

அப்போதுதான் அது அவனுக்கு உறைத்தது. பழைய மவுஸும் நாளுக்குப் பலமுறை விழும். விழுந்ததும் ஒயரைப் பிடித்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுத்து மேலே போட்டுக்கொள்வான். அதை ஒரு வேலையாகக்கூட அவன் நினைத்ததில்லை.

திரையில் அம்பு ஒரு பேத்தியின் நெற்றியில் நின்றிருந்தது. விசைப்பலகையை வைத்துச் சிலவற்றைச் செய்து பார்த்தான். படங்களை அடுக்க அது உதவவில்லை. பலகையைக் கால் பக்கம் தள்ளினான். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையைத் துழாவினான். விரல் நுனி தரையைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் போதும் என்று தோன்றியது. சாய்ந்தான். கம்பியைப் பிடித்த கை வியர்வையில் நழுவியது. இடுப்புக்குக் கீழிருந்த பாரம் முழுக்க அவன் பின்னாலேயே வந்து விழுந்தது.

தோள் தரையில் இடித்தது வலித்தது. மற்றது எதுவும் வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சிறுநீர்ப் பை அவனோடே விழுந்திருந்ததால் குழாய் இழுபடவில்லை. கைலி முழங்காலுக்கு மேலே சுருண்டு கிடந்தது. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தபோது, கட்டிலின் அடியில், தூசியில், மவுஸ் இருந்தது. கையை நீட்டி எடுத்தான். அடியில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் மவுஸ், திரை மேலே, தலையணைக்குப் பக்கத்தில் போனும் மேலே.

போன் அடித்தது. அடித்து அடங்கியது. மறுபடி அடித்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினான். தெருவில் எல்லோரும் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டார் செங்கல் சூளைக்குப் போனதால் அந்த வீடும் பூட்டிக் கிடந்தது. கத்துவதை நிறுத்தினான். கூரை வெப்பம் இறங்கியது. வாய் உலர்ந்தது. தண்ணீர்ச் செம்பு கட்டில் தலைமாட்டு ஸ்டூலில் இருந்தது. அதன் அடிப்பக்கம்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. சுவரோரத்து வெடிப்பிலிருந்து எறும்புகள் ஒரு வரிசையாக வந்து அவன் கெண்டைக்காலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. கடிக்கின்றனவா இல்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு அதையும் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே ஸ்கூட்டி வந்து நின்றது. கதவைத் தட்டினார்கள்.

"தமிழண்ணா! நான் அபிநயா. போன் எடுக்கவே இல்லியே, மொதலாளிகிட்ட வழி கேட்டு வந்தேன். இன்னா ஆச்சி?"

 அந்தக் கோலத்தில் அவள் தன்னைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு. கைலியை இழுத்து விட முயன்றான், கை எட்டவில்லை. அதற்குள் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. ஒல்லியாக, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ அண்ணா! எப்ப விழுந்தீங்க? சாவி எங்க?"

"அம்மாகிட்ட. ஏரிக்கு அந்தாண்ட கரும்புக் கொல்லையில கீது. நீ ஒண்டியா தேடிக் கண்டுபுடிக்க முடியாது."

"ஒடைக்கட்டா?"

அவன் ஒரு கணம் பூட்டைப் பற்றி யோசித்தான். அம்மா என்ன சொல்வாள் என்று யோசித்தான்.

"ஒட."

வாசலில் கிடந்த அம்மிக் குழவியால் அடிக்கிற சத்தம் கேட்டது. பூட்டு வளைந்தது, நாதாங்கி பிய்ந்து வந்தது. அபிநயா உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காமல் கைலியை இழுத்துச் சரிசெய்தாள். எறும்புகளைத் துணியால் தட்டிவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். தூக்கிப் பார்த்தாள், அவளால் முடியவில்லை. அரங்கநாதனுக்குப் போன் போட்டாள். ஆளோடு வருவதாகச் சொன்னார்.

"அவர் வர்ற வரைக்கும் இன்னா பண்றது?" என்றாள்.

தமிழரசன் கையிலிருந்த மவுஸை நீட்டினான். "கட்டில்ல குந்து. போட்டோல்லாம் அடுக்கிட்டு அனுப்பு. பொணம் காத்துக்கினு இருக்காது."

அவள் அவனையும் மவுஸையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் அவன் படுக்கிற இடத்தில் உட்கார்ந்து பலகையை இழுத்துக்கொண்டாள். அவன் தரையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல, அவள் செய்தாள்.

"கடைசிப் பையன் மூஞ்சி ஜாஸ்தி கறுப்பா கீதா?"

"ஆமாண்ணா."

"கொஞ்சம் வெளிச்சம் ஏத்து. ரொம்ப ஏத்தாத, அப்பறம் அவங்க வூட்டுப் புள்ளயே இல்லன்னுடுவாங்க."

அபிநயா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவனும் சிரித்தான், சிரித்தபோது தோள் வலித்தது. பேனர் போய்ச் சேர்ந்தது. அரங்கநாதனும் மெஷின் ஓட்டுகிற ஜெயப்பிரகாஷும் வந்து அவனைத் தூக்கிப் படுக்க வைத்தபோதுதான் இடுப்பெலும்புக்கு மேலே தோல் உரிந்திருந்தது தெரிந்தது. அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தான்.

சாயங்காலம் சாலம்மாள் உடைந்த பூட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை நின்ற பிறகு கேட்டாள், "மவுசுக்கு ஒரு கயிறு கட்டிட்டா இன்னாடா?"

கட்டிப் பார்த்தார்கள். அரைஞாண் கயிறு ஒன்றை மவுஸில் சுற்றி, மறுமுனையைப் பலகையில் முடிச்சுப் போட்டாள். சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பேனரின் பாதியில் பேட்டரி தீர்ந்தது. வீட்டில் வேறு பேட்டரி இல்லை. இருந்திருந்தால் அது அலமாரியில் இருந்திருக்கும், அலமாரி அவனுக்கு எட்டாது. ஒயர் இல்லாத மவுஸ் நடமாடுகிறவர்களுக்கானது என்று அன்று முடிவு செய்தான். பழைய மவுஸை எடுத்துத் தரச் சொன்னான். ஒயரைக் குழாய்க்கு எதிர்ப் பக்கமாகக் கொண்டுபோய், சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டில் சட்டத்தோடு கட்டினார்கள். மவுஸையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பழக ஒரு மாதம் பிடித்தது.

ஆடியில் ரம்யா வந்தாள். வந்ததும் அவள் கண்ணில் பட்டது ஒயர்தான்.

"நான் வாங்கியாந்தது எங்கண்ணா?"

"கடைல அபிநயாவுக்கு குடுத்துட்டேன்."

அவள் முகம் சுருங்கியது. "புடிக்கலன்னா சொல்லியிருக்கலாம்ல. எத்தினி கடை ஏறி எறங்கி வாங்குனேன்."

"புடிச்சிதான் இருந்துச்சி" என்றான். விழுந்த கதையை அம்மா அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவனும் சொல்லப் போவதில்லை என்றுதான் இருந்தான். ஆனால் அவள் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே கண்ணீர் விட ஆரம்பித்ததும், சொல்லிவிட்டான். எறும்பு வரை சொன்னான்.  கேட்டு முடித்ததும் அவள் மவுஸைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

"இழு பாப்போம்."

இழுத்தான். மவுஸ் தரையில் தட்டித் தட்டி மேலே வந்தது. அவள் அதை மறுபடி தள்ளினாள். மறுபடி இழுத்தான். இருவரும் சிரிக்கவில்லை.

பூட்டு விஷயத்தில் சாலம்மாள் இறங்கி வந்தாள். இப்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போகிறாள். காற்றடித்தால் அது தானே திறந்துகொள்கிறது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சிலர் உள்ளே வந்து பேசுகிறார்கள். சிலர் வாசலிலேயே நின்று உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்ட நாட்களில் அந்தக் கதவை எழுந்து போய்ச் சாத்த வேண்டும்போல் இருக்கும் தமிழரசனுக்கு.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலைப் பக்கம் இருண்டுகொண்டு வந்தது. கதவு படாரென்று திறந்தது. சாரல் அறைக்குள் அடித்தது. லேப்டாப்பை மூடிப் போர்வைக்குள் செருகிக்கொண்டான். கால் பக்கம் விரிப்பு நனைந்து கறுப்பாகிக்கொண்டே வந்தது. குளிர்கிறதா என்று பார்த்தான், இல்லை. யாரையும் கூப்பிடவில்லை. திறந்த கதவு வழியாகத் தெரு முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில், சாக்குப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தெருக்கோடியிலிருந்து அம்மா ஓடிவருவது தெரிந்தது.