இடது பக்கம் வந்த பட்டன்கள்

போன வருஷம், கார்த்திகை தீபக் கூட்டம் வடிந்து திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விட்ட சமயம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. மாடியில் இருக்கும் இரண்டு அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். காலை டிபனும் நான்தான். என் கணவருக்கு அரிசி மில்லில் வேலை. மாடி முழுக்க என் ராஜ்ஜியம், அதில் அவர் தலையிடுவதில்லை.

அந்த வருஷம் விடாத மழை. தீபத்துக்குத் தங்கியவர்கள் காலி செய்ததும், சேர்ந்துபோன போர்வைகளையெல்லாம் துவைத்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். வெயில் தலைகாட்டியிருக்கிறதே என்ற அவசரம். பாசி பிடித்த படியில் கால் வழுக்கிவிட்டது. போர்வைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வலது முழங்கைதான் உடைந்தது.

ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் நரம்பு நசுங்கியிருக்கிறது, விரல்கள் அசைய மாதக்கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் எடது கையில பழகிக்குங்கம்மா" என்று போகிறபோக்கில் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நான் வளர்ந்த வீட்டில் இடது கை சோற்றைத் தொடாது. சின்ன வயதில் இடது கையால் எதையாவது நீட்டினால் அம்மா வாங்கவே மாட்டாள். வலது கைக்கு மாற்றுகிற வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்படி வளர்ந்தவள், இடது கையால் சோறு பிசைவதா, விளக்கேற்றுவதா, பணம் கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு இட்லி எடுத்து வைப்பதா? ஸ்பூனால் சாப்பிட்டுப் பார்த்தேன். முதல் வாய்க்கே அழுகை வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டேன்.

அதனால் என் கணவர் ஊட்டினார். மதியம் மில்லிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து, எனக்கு ஊட்டிவிட்டு, தான் பாதி சாப்பிட்டும் சாப்பிடாமலும் திரும்ப ஓடுவார். வேலைக்கு ஓர் ஆள் வைத்தோம். உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் சொன்ன குறைகளைத் தாங்க முடியாமல் சீக்கிரமே நின்றுவிட்டாள். அவள்மேல் தப்பில்லை, என் வாய் அப்படி.

ஒருநாள் ஊட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "மில்லுல மொறைக்கிறாங்க. என்னால முடியல. மேல இருக்கற பொண்ணு காலி பண்ணதும் ரூமப் பூட்டிடலாம். அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம். அண்ணி உன்னப் பாத்துக்குவாங்க."

அவருடைய அண்ணன் வீடு கீழ்பென்னாத்தூரில். அந்த அண்ணி நல்லவர்தான், அதுதான் கஷ்டமே. நல்லவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய பயம், அறைகளை ஒருமுறை பூட்டினால் திறக்கவே மாட்டோம் என்பது. வருஷா வருஷம் வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் நான் சேர்த்துவைத்தது அந்த இரண்டு அறைகள்தான். ஆனாலும் அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன்.

மேலே இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீபம் முடிந்து சென்னையிலிருந்து வந்தவள், முப்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் வேலை, அறையிலிருந்தே பார்ப்பாள். பொங்கல் வரை தங்குவதாகப் பேச்சு. அவளுக்கு முடக்குவாதம், அந்த வயதிலேயே. காலையில் விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொள்ளும். கீழே வந்து வெந்நீர் வாங்கிப் போய்க் கையை அதில் வைத்திருப்பாள். அப்படி வந்த ஒரு நாள்தான், என் கணவர் எனக்கு ஊட்டுவதைப் பார்த்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் வந்து என் மடியில் ஒரு தலையணையை வைத்து, அதன்மேல் ஒரு வீடியோ கேமை வைத்தாள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள்.

"நான் சின்னப் புள்ளையாம்மா?" என்றேன்.

"சின்னப் புள்ளைங்களால இத ஆட முடியாதுக்கா. ரொம்ப யோசிக்கணும்" என்றாள்.

படை நடத்துகிற விளையாட்டு. கட்டம் கட்டமாய் நிலம், காடு, ஆறு, நடுவில் ஒரு மலை. என் வீரர்கள் நீலம், எதிரி சிவப்பு. நான் ஓர் அடி வைத்தால் அவன் ஓர் அடி வைப்பான். கடைசியில் மலைக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய கோட்டையைப் பிடிக்க வேண்டும். இதை இரண்டு கையும் இல்லாமல் எப்படி ஆடுவது என்று கேட்டேன். அவள் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஆக்சசிபிலிட்டி என்று எழுதியிருந்தது. உடம்பு ஒத்துழைக்காதவர்களும் ஆடுவதற்கு வேண்டிய மாற்றங்களெல்லாம் அதற்குள் இருந்தன. எழுத்தைப் பெரிதாக்கினாள். எழுதியிருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்லும்படி வைத்தாள். நிறம் தெரியாதவர்களுக்காக வீரர்கள் தலைமேல் வட்டமும் முக்கோணமும் போடுகிற வசதிகூட இருந்தது. கடைசியாக, வலது பக்கத்துப் பட்டன்கள் செய்கிற வேலையையெல்லாம் இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். அவள் தனக்காகவே அடிக்கடி செய்துகொள்வதாம், எந்த விரல் வீங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்து.

"இதெல்லாம் போட்டுக்கிட்டு ஜெயிச்சா அது ஏமாத்து இல்லியா?" என்றேன்.

"எதிரி அப்படியேதான்க்கா இருக்கான். அவன் பலத்த நான் கம்மி பண்ணல. பட்டனத்தான் இந்தப் பக்கம் கொண்டாந்தேன்."

அப்போது அது எனக்கு ஒரு பதிலாகவே தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இது பரவாயில்லை என்றுதான் ஆட ஆரம்பித்தேன். விளையாட்டுதானே, இடது கை பட்டால் என்ன தீட்டு?

எனக்கு அந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்தது அதன் பொறுமை. நேரக் கணக்கே கிடையாது. நான் பாத்ரூம் போய்விட்டு வரும்வரை எதிரிப் படை கத்தியைத் தூக்கியபடியே நிற்கும். வைத்த அடி தப்பு என்று தோன்றினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கை தவறிப் பட்டனில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அந்தக் குரல் "ஆர் யூ ஷ்யூர்?", நிச்சயம்தானா என்று கேட்கும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கீழ்பென்னாத்தூர் விஷயத்தில்கூடக் கேட்கவில்லை.

ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தேன். காரணம் அந்த மலை. கோட்டைக்குப் போக மலையை இடப்பக்கமாகச் சுற்றினால் குறுக்கு வழி. நான் ஒவ்வொரு முறையும் வலமாகவே போனேன். பாதி வழியிலேயே எதிரி வந்து மடக்கிவிடுவான்.

அந்தப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், ஏன் இப்படிச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்று.

"மலைய யாராவது எடமா சுத்துவாங்களா?"

"அக்கா, இது கம்ப்யூட்டர் மலை."

"மலை மலைதாம்மா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கை உடைந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மார்கழி நடுவில் ஒரு நாள் முற்பகல். கணவர் மில்லுக்குப் போயிருந்தார். எனக்குக் காபி போட்டுத் தருவதாக வந்த அந்தப் பெண், அடுப்பில் பாலை வைத்தாள். அதற்குள் ஆபீஸிலிருந்து போன். "பால் வெச்சிருக்கேன்க்கா, ரெண்டு வார்த்த பேசிட்டு வந்துடறேன்" என்று மாடிக்கு ஓடினாள். அந்தச் சமயம் பார்த்து என் படை, வலமாகவே போய், முதல்முறையாக எதிரியை ஏமாற்றிக் கோட்டை வாசலில் நின்றது. நான் உலகத்தை மறந்திருந்தேன். ஒரு புஸ் சத்தம் கேட்டது. பால் பொங்கியிருக்கிறது, அவ்வளவுதானே என்று அடுத்த அடியை யோசித்தேன். பிறகு வாடை வந்தது.

பொங்கிய பால் நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் சமையலறை சின்னது, குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தோம். பக்கத்து அலமாரியில் சாமி படத்துக்கு முன்னால் காலையில் என் கணவர் ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. விளக்கை அணைத்தேன். அடுப்பின் குமிழைத் திருகினேன். பால் வழிந்து வழுக்கியது, முந்தானையால் பிடித்து அழுத்தித் திருகினேன். குனிந்து சிலிண்டரை மூடினேன். ஜன்னல் கொக்கி எப்போதும் இறுகியிருக்கும், என் கணவர்தான் திறப்பார். அதையும் இழுத்துத் திறந்தேன். பிறகு வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வாடை மாடிக்குப் போய் அந்தப் பெண் பதறிக்கொண்டு இறங்கி வந்தாள். தன்னால்தான் என்று அழுதாள். "அழாதம்மா, ஒண்ணும் ஆகல" என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வலது கை கழுத்துப் பட்டையில் தொங்கியபடி அப்படியே இருந்தது. விளக்கு, குமிழ், சிலிண்டர், கொக்கி, எல்லாம் இடது கை. கொஞ்சம் யோசித்திருந்தால் செய்திருக்கவே மாட்டேன்.

வீடு முழுக்கக் காற்றாடிய பிறகு, மிச்சமிருந்த பாலை நானே வைத்து, நானே காபி கலந்தேன். டம்ளரை அவளுக்கு இடது கையால் நீட்டலாமா என்று ஒரு நொடி நின்றேன். "குடுங்கக்கா, ஆறுது" என்று வாங்கிக்கொண்டாள்.

மதியம் என் கணவர் வந்தபோது நான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மடியெல்லாம் பருக்கை. அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பார்த்தார். திட்டுவாரோ, அழுவாரோ என்று இருந்தது.

"சாம்பார் ஜாஸ்தி ஊத்திக்கிட்ட போல" என்று மட்டும் சொன்னார். பிறகு இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். கேஸ் கதையைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன். ஜன்னல் கொக்கியைத் திறந்து திறந்து பார்த்தார்.

"கீழ்பென்னாத்தூர் போயே ஆகணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆர் யூ ஷ்யூர்?" என்றேன்.

அவருக்கு அந்த வேடிக்கை புரியவில்லை. ஆனாலும் சிரித்தார். "அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன், உடு" என்றார். என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

அன்று சாயங்காலமே சமையலறையை மாற்ற ஆரம்பித்தோம். வலது கைக்கு எட்டிய உப்பு ஜாடி, எண்ணெய்த் தூக்கு, கரண்டிகள் எல்லாம் இடது பக்கம் வந்தன. திருகுமூடி டப்பாக்களுக்குப் பதில் அழுத்தித் திறக்கிற டப்பாக்கள். நறுக்கும்போது காய் நகராமலிருக்கப் பலகைக்கு அடியில் ஈரத்துணி. டப்பாக்களை மாற்றி வைக்கும்போதுதான் அந்தப் பெண் சொன்னது எனக்குப் புரிந்தது. சமையல் அப்படியேதான் இருந்தது, அதில் ஒரு வேலைகூடக் குறையவில்லை. பட்டன்கள்தான் இந்தப் பக்கம் வந்திருந்தன.

முதலில் கோணல்மாணலாகத் தோசை சுட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். பொங்கல் முடிந்து அவள் கிளம்புவதற்குள் அடுத்து வருகிறவர்களுக்கு அறையைப் பேசி முடித்துவிட்டேன். அவள் போவதற்கு முன்னால் அந்தக் கோட்டையையும் பிடித்துக் காட்டினேன். அப்போதும் வலமாகத்தான் போனேன். அது ஒன்றில் மட்டும் நான் மாறவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, என் கணவரும் நானும் கோயிலுக்குப் போனோம். கை உடைந்ததிலிருந்து நான் போகவே இல்லை. எல்லாரிடமும் கூட்டம், நெரிசல், கையில் இடித்துவிடுவார்கள் என்று சொல்லி வந்தேன். உண்மையான காரணம் விபூதி. நீட்டுவதற்கு என்னிடம் இருந்தது இடது கை. அதைப் பார்த்துக் குருக்கள் எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயம். வரிசையில் என் முறை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினேன்.

குருக்கள் என் கையைப் பார்க்கக்கூட இல்லை. நீட்டியிருந்த உள்ளங்கையில் விபூதியைப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். இதற்காகவா இத்தனை நாள் வீட்டிலேயே கிடந்தேன் என்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வெளியே வந்ததும் இன்னொரு சிக்கல். விபூதி இருப்பது இடது கையில், எடுத்துப் பூச வலது கை இல்லை. பிரகாரத்தில் கையை ஏந்தியபடி நின்றேன். என் கணவர் பார்த்தார். என் இடது உள்ளங்கையிலிருந்து விரலால் எடுத்து, முதலில் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். அப்புறம் என் நெற்றியில் வைத்தார்.

இப்போது வலது கை முக்கால்வாசி சரியாகிவிட்டது, மாடி இரண்டு அறையிலும் ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் யாராவது எதையாவது நீட்டினால் சில சமயம் இடது கைதான் முந்திக்கொண்டு போகிறது, அந்த ஜன்னலைத் திறந்த கைதானே என்று நானும் அதை விட்டுவிடுகிறேன்.