வானத்திலிருந்து விழுந்தவனும் என் அண்ணனும்

மொட்டை! டேய் மொட்டை!

என் அண்ணனை நான் இப்படித்தான் கூப்பிடுவேன். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு சின்ன வயதில் அவனுக்கு வருஷா வருஷம் மொட்டை போட்டார்கள். முடி வளர்ந்தது, பெயர் மட்டும் போகவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும். என்னைவிட ஒரே ஒரு வயது பெரியவன், அதனால் அண்ணா என்று ஒருநாளும் மரியாதை கொடுத்ததில்லை. இந்த ஜூன் மாதம் செத்துப்போனான். இப்போது கூப்பிட்டால் "இன்னாடி?" என்று கேட்க ஆளில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எங்கள் வீடு சாந்தோமில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பது அவர் வேலை. அம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். ரங்கநாதன் தெருவில் ஒரு கடையில் புடவைக்கு மேட்சிங் ஜாக்கெட் பிட் வெட்டிக் கொடுக்கிறேன். மொட்டைதான் படித்தான். ஈவினிங் காலேஜில் பி.ஏ. இங்கிலீஷ்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. தினமும் ஊசி. கடைசி வருஷம் அது கண்ணைப் பிடித்தது. "எழுத்து மேல எறும்பு ஓடுதுடி" என்றான். நான் புத்தகத்தைத் தட்டிப் பார்த்தேன், நிஜமாகவே எறும்பு என்று நினைத்து. அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, எறும்பு அவன் கண்ணுக்குள்ளே. மற்ற பேப்பரெல்லாம் தட்டுத் தடுமாறிப் பாஸ். ஒரே ஒரு பேப்பர் போய்விட்டது. அதை முடித்தால் எங்கள் சந்திலேயே முதல் பி.ஏ. அவன்தான்.

"கண்ணு போனா போவட்டும். பி.ஏ. போவக்கூடாது" என்பான்.

போன பேப்பர் இங்கிலீஷ் காப்பியம். ஒரே ஒரு பாட்டு, ஆனால் தலைகாணி கனம். வானத்தில் சண்டை போட்டுத் தோற்ற ஒரு தூதன் கீழே நரகத்தில் விழுகிறான், அப்புறம் தோட்டத்தில் இருக்கிற முதல் மனுஷனையும் மனுஷியையும் பழம் தின்ன வைத்துக் கெடுக்கிறான். ஞானோபதேச வகுப்பில் அரைப் பக்கத்தில் முடிந்த கதை. இதை ஒருத்தர் தலைகாணி அளவுக்கு எழுதியிருக்கிறார், அதுவும் கண் தெரியாமல் போன பிறகு. மொட்டைக்கு அதில் ரொம்பப் பெருமை.

"எழுதுனவருக்கும் கண்ணு தெரியாது, கேக்கறவனுக்கும் கண்ணு தெரியாது, நடுவுல படிக்கத் தெரியாதவ நீ. சூப்பர் செட்டு நம்புள்து."

ஆமாம், நான்தான் படித்தேன். ஏ பி சி டி தெரியும். கடைப் பலகையும் துணி லேபிளும் படித்துப் பழகியதில் எழுத்துக் கூட்டுவேன். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. காலைப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் கடற்கரை மணலில் உட்கார்ந்து, கடைக்குக் கிளம்பும் வரை படிப்பேன். வானத்துச் சேனைகள் அணிவகுத்து நிற்கும்போது, எங்களுக்கு எதிரே தண்ணி ஓரமாக இன்னொரு சேனை வரிசையாகக் குந்திக்கொண்டிருக்கும், லுங்கியைத் தூக்கிக்கொண்டு. நான் எந்தப் பக்கம் பார்த்துப் படிப்பது? புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். அதனால்தான் வேகமாகப் படிக்க வந்தது.

மீன் கூடையோடு போகிற அக்கா ஒருத்தி தினமும் நின்று கேட்பாள்.

"இன்னாடி இது, மந்திரமா?"

"பாட்டுக்கா."

"பாட்டா? மெட்டு எங்க கீது?"

"இதுக்கு மெட்டு கிடையாதுக்கா."

"அப்ப பாட்டுன்னு ஏன்டி சொல்றீங்க? எதாச்சும் பேயி கீயி வந்துறப் போவுது."

நான் சத்தத்தைப் படிக்க, அவன் கண்ணை மூடிக் கேட்டு அர்த்தம் சொல்வான். அவன் சொல்கிற விதத்தில் எனக்கு அந்தக் காப்பியம் முழுக்க எங்கள் ஏரியாவில் நடந்த மாதிரி இருந்தது. "மேலேர்ந்து தூக்கிப் போட்டாங்க. நெருப்பு ஏரில வுழுந்து கெடக்கறான். ஏந்து இன்னா பண்றான்? மீட்டிங் போடறான். ஒருத்தன் சண்டைக்குப் போலாம்றான். இன்னொருத்தன் சும்மா கெடப்போம், பழகிடும்றான். மூணாவது ஆளு இங்கயே வூடு கட்டி செட்டில் ஆயிடலாம்றான்."

"வேளச்சேரில ஏரி ஓரமா மனை வாங்குன மாதிரியா?"

"அதே. ஆனா இதுல தண்ணிக்குப் பதில் நெருப்பு."

உவமைகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றை ஆரம்பித்தால், மயிலாப்பூரில் ஏறி மாம்பலம் போக வேண்டிய பஸ் வடபழனி டிப்போ வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புகிற மாதிரி. எதற்கு ஏறினோம் என்பதே மறந்துவிடும். "அவசரப்படாதடி, எறங்க வேண்டிய எடத்துல கரெக்டா எறக்கி வுடுவாரு" என்பான் மொட்டை. இறக்கித்தான் விட்டார். ஆனால் எனக்குக் கடைக்கு நேரமாகிவிடும்.

கீழே விழுந்தவனின் பெயரை எங்கள் வீட்டில் சொல்லக் கூடாது. அப்பாவின் சட்டம். பெயரைச் சொன்னால் வருவான், சொல்லிவிட்டால் உடனே சிலுவை போட வேண்டும். காப்பியத்தில் பக்கத்துக்குப் பத்து தரம் அவன் பெயர் வருகிறது, எத்தனை சிலுவை போடுவது? கை வலித்துவிடும். அதனால் மொட்டை அவனுக்கு 'மாமா' என்று பெயர் வைத்தான். எங்கள் சொந்த மாமாவைக் குடித்துவிட்டு வந்ததற்காக அப்பா ஒருமுறை வீட்டைவிட்டுத் தள்ளினார். அவர் தெருவில் நின்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். அதிலிருந்து வந்த யோசனை.

"என் தம்பி இன்னாடா பாவம் பண்ணான், அவனப் போயி இதுல இழுக்கற?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள்.

"இது கௌரவம்மா. இங்கிலீஷ்காரனே எழுதி வச்சிக்கீறான்."

புத்தகத்தில் அந்தப் பெயர் வந்தால் நான் மாமா என்றே படிப்பேன். மாமா எழுந்தார், மாமா பேசினார், மாமா பறந்தார். எனக்கு மாமாவைப் பிடிக்காது. வாய்ச் சவடால். எலக்ஷனில் டெபாசிட் போனவன் மைக்கை விட மாட்டேன் என்கிற மாதிரி. எனக்குப் பழம் தின்றவளைத்தான் பிடித்தது. மொட்டைக்கு மாமாதான் ஹீரோ. "தோத்துட்டோம்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஏந்து நின்னுப் பேசறான் பாரு. அது யாருக்கு வரும்?" என்பான். அதைச் சொல்லும்போது அவன் கால் இரண்டும் வீங்கியிருக்கும். சிறுநீரகமும் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அதனால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன், கொஞ்ச நேரத்துக்கு.

பழ விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. சர்க்கரைக்காரப் பையன் இருக்கிற வீட்டில் அம்மா மாம்பழம் வாங்கி அரிசிப் பானைக்குள் பழுக்க வைப்பாள், விருந்தாளிக்கு என்று. வாசனை வீடெல்லாம் வரும். "கடவுளும் அம்மாவும் ஒரே கேஸு. துன்னக் கூடாதத வூட்டுக்குள்ளயே வைப்பாங்க, அப்புறம் ஏன் தொட்டேன்னு கேப்பாங்க" என்றான் மொட்டை. அப்பாவுக்கு இது கேட்டிருந்தால் அன்றைக்கே எங்களையும் தோட்டத்தைவிட்டுத் துரத்தியிருப்பார்.

கண் தெரியாதவன் பரீட்சை எழுத இன்னொருவர் கூட உட்கார்ந்து எழுதலாமாம். ஆனால் அந்த ஆள் அவனைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றார் காலேஜ் ஆபீசில் இருந்தவர்.

"என் தங்கச்சிய வுடக் கம்மியா உங்களுக்கு மெட்ராஸ்லயே கெடைக்காது சார்" என்றான் மொட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் படிப்புக்கு மதிப்பு வந்தது.

சென்டர் அடையாறில். எங்களுக்குத் தனி அறை, காவலுக்கு ஒரு மேடம். மல்லிப்பூ, கண்ணாடி, கையில் பின்னல் ஊசி. மொட்டை ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, தெரியாததற்கு எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் எழுதினேன். பெரிய கேள்வி, காப்பியத்தின் நாயகன் யார். கைடில் இருந்த விடை எனக்கே மனப்பாடம்: கீழே விழுந்தவன் நாயகன் இல்லை, முதல் மனிதன்தான். அதை எழுதினால் மார்க். மொட்டை மாமாவின் பக்கம் பேச ஆரம்பித்தான்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். "வேணாம்டா. கைடுல கீறதச் சொல்லு."

"எழுதுடி."

"ஃபெயில் பண்ணிடுவாங்கடா."

"ஏம்மா, நீ எழுதத்தான் வந்திருக்கே. பேசிண்டே இருக்கப்படாது" என்றார் மேடம், பின்னலிலிருந்து தலை நிமிராமல்.

எழுதினேன். அவன் வேகம் பிடித்துவிட்டான். மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். அவ்வளவு அழகாக அவன் இங்கிலீஷ் பேசி நான் கேட்டதே இல்லை. என் கை ஒடிகிற வரை எழுதினேன். வெளியே வந்தபோது அவன் முகம் பாஸான முகம்தான்.

பஸ் திரு.வி.க. பாலம் ஏறும்போது திடீரென்று என் கையைப் பிடித்தான்.

"ஏய். அவன் பேர இன்னான்னுடி எழுதுன?"

"நீ சொன்னததான் எழுதுனேன்."

"நான் இன்னா சொன்னேன்?"

எழுதியதை மனசுக்குள் திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்தப் பெரிய விடை முழுக்க, எம் ஏ எம் ஏ. நரகத்தின் ராஜா, தேவதூதர்களின் எதிரி, பல்கலைக்கழக விடைத்தாளில், மாமா. மாமா வீர உரை ஆற்றினார். மாமாவே இந்தக் காப்பியத்தின் நாயகன். பழக்க தோஷத்தில் அவனும் சொல்லிவிட்டான், நானும் எழுதிவிட்டேன்.

மொட்டை சிரிக்க ஆரம்பித்தான். நானும். நிறுத்த முடியவில்லை. கண்டக்டர் வந்து, "யம்மா, பஸ்ஸுல பொம்பளைங்க கீறாங்க, இன்னா சிரிப்பு இது?" என்றார். நானும் பொம்பளைதானே என்று கேட்கக்கூட மூச்சு இல்லை. "பேப்பர் திருத்தறவனுக்கும் ஒரு மாமா இருப்பாரில்ல, புரிஞ்சிக்குவான்" என்றான் மொட்டை.

அப்புறம் கோடை. கால் வீக்கம் இறங்கவில்லை, வாந்தி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் படுத்தவன் எழவில்லை. கடைசியில் என்னிடம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "ரிசல்ட் வந்தாச்சா?" என்றான். இன்னும் இல்லை என்றேன். "சரி" என்றான். அவ்வளவுதான்.

கல்லறைச் சிலுவையில் பெயர் எழுத பெயின்டர் வந்தார். பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட வேண்டும் என்று அம்மா பிடிவாதம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ரிசல்ட் வரல. கல்லறையில பொய் எழுதக் கூடாது" என்றார். பெயின்டர் இரண்டு பேரையும் பார்த்தார். "இடம் வுட்டு எழுதறேண்ணே. பாஸாயிட்டா சொல்லுங்க, வந்து ரெண்டே எழுத்து, போட்டுட்டுப் போறேன்."

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. செத்த பிறகும் ஃபெயில். மாமாவால் போனதா, கைடை மீறியதால் போனதா, என் கையெழுத்தால் போனதா, யாருக்குத் தெரியும். அம்மா அழுதாள். பெயின்டர் வந்து, காலி இடத்தில் ரோஜாப்பூ வரைந்து தருகிறேன் என்றார். சும்மா விட்டுவிடுங்கள் என்றேன். அப்பா அந்த இடத்தைக் கையால் துடைத்தார். "வுடு. அவன் எடம்" என்றார். கோயில்பிள்ளை வாயிலிருந்து சட்டம் இல்லாத ஒரு பேச்சு அன்றைக்குத்தான் கேட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி. உத்தரிக்கிற ஸ்தலம் என்று எங்களுக்கு ஒன்று உண்டு. நேராக மேலே போக மார்க் பற்றாதவர்கள் காத்திருக்கிற இடம். கீழே இருக்கிற நாம் வேண்டிக்கொண்டால் அவர்களுக்கு கிரேஸ் மார்க் சேரும் என்று அப்பா சொல்கிறார், நான் நம்புகிறேன். என் அண்ணன் அங்கேதான் இருப்பான். சும்மா இருக்க மாட்டான், யாரிடமாவது வாதம் செய்துகொண்டிருப்பான், அதனால் இன்னும் லேட்டாகும். அவனுக்காக எல்லோரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் பேசியதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், சீக்கிரம் உள்ளே விடச் சொல்லுங்கள்.