டப்பாவில் வந்த மண்

1964 ஜூன் 14, ஞாயிறு, காலை ஏழேகால் மணி, தூறல். என் மனைவியின் தம்பி பம்பாய் மாட்டுங்காவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஊர் மண் கொண்டுவந்தான். கறுத்த வண்டல்.

"ஊருல ஒரு வயல் விலைக்கு வந்திருக்கு. கிணத்துப் பாசனம், அத்தான். கண்ண மூடிட்டு வாங்குங்க!"

அப்படியே வாங்கினேன். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் போனது. அக்டோபரில் போய்ப் பார்த்தால் களர் நிலம். பாய்ச்சிய தண்ணீர் மூன்று நாளாகியும் மண்ணில் இறங்கவில்லை. காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூத்தது. நட்ட நாற்று கருகியது. டப்பா மண் பக்கத்து வயலுடையதாம்.

"எந்த வயல் மண்ணுன்னு நீங்க கேக்கலியே, அத்தான்!" என்று சிரித்தான்.

இப்போது நிலம் வாங்கும் நண்பர்களுடன் நானே போகிறேன். நாலு மூலையிலும் மூன்றடி தோண்டி, தண்ணீர் ஊற்றி, வடியும்வரை கடிகாரத்தைப் பார்க்கிறேன். இதைக் கற்க எனக்கு ஆன செலவு, ரயில் கட்டணம் உட்பட, நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு ரூபாய்.