தம்பி பிள்ளைக்குச் சாட்சி

அம்மாவை அடக்கம் செய்த கையோடு தம்பி பாரீசுக்கு விமானம் ஏறினான். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாரம் பகுதியில் ஒரு மாடி வீடு, அதில் நான் ஒருத்தி. சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்த ஊரில் எனக்கென்று ஒரு ரத்த உறவுகூட மிச்சமில்லையா? அறுபது வயதில் இதென்ன பைத்தியம் என்று தம்பி போனில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழைய பிறப்புப் பதிவேடுகளைத் தேடிக் கிளம்பினேன்.

எங்கள் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். அதை வைத்தே வாரக்கணக்கில் தேடினேன். கொள்ளுத்தாத்தாவுக்கு முன்னால் ஒருவரும் அகப்படவில்லை. பதிவேடு எடுத்துத் தந்த அம்மாளிடம் எரிந்து விழுந்தேன். பிறகுதான் உறைத்தது. கொள்ளுத்தாத்தா பிறந்தபோது அந்தப் பெயரே கிடையாது. சாதி வழக்கத்தை விட்டுவிட்டேன், இனி பிரெஞ்சுச் சட்டமே என் சட்டம் என்று அதிகாரி முன்னால் எழுதிக்கொடுத்த அன்று அவராக வைத்துக்கொண்டது அது. என்னவோ ஆதாம் காலத்திலிருந்தே எங்களுக்கு அந்தப் பெயர் என்பதுபோல நாங்கள்தான் அலட்டிக்கொள்வோம்.

தாத்தாவின் பிறப்புப் பதிவை மறுபடி கேட்டு வாங்கினேன். பிள்ளை பிறந்தால் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு போய்ச் சொல்ல வேண்டும். சாட்சிகளில் ஒருவர் தகப்பனின் அண்ணன், நெசவாளி, முத்தியால்பேட்டை. கொள்ளுத்தாத்தா ஒற்றைப் பிள்ளை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தம்பியான கொள்ளுத்தாத்தா புதுப் பெயரைப் பிரெஞ்சில் எழுதியிருக்க, கீழே அண்ணன் தன் பழைய பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். அவர் மாறவில்லை. ஆனாலும் தம்பி பிள்ளைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இப்பேர்ப்பட்ட மனிதரையா மறைத்தார்கள்?

முத்தியால்பேட்டையில் அந்த நெசவாளியின் பெயரைச் சொல்லி ஸ்கூட்டரில் தெருத்தெருவாக விசாரித்தேன். ஒரு மளிகைக்கடைக்காரர், "தறிக்காரரு ஊடா? கோடியில, பச்சை கேட்டு" என்றார். கேட்டைத் திறந்த கணவன் மனைவியிடம் நின்ற இடத்திலேயே முழுக் கதையையும் கொட்டினேன்.

"அது எங்க கொள்ளுத்தாத்தாதான். அவரு பேருதான் எனக்கு வச்சிருக்காங்க" என்றார் அவர். அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்ப எங்களுக்கும் பிரஞ்சு நேஷனாலிட்டி கெடைக்குங்களா? பொண்ணு போவணும்னு கேட்டுக்கினே இருக்கா."

"கெடைக்காதுங்க. உங்க கொள்ளுத்தாத்தா பிரஞ்சு சட்டத்துக்கு மாறலையே."

அவர் முகம் தொங்கிவிட்டது. பார்க்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். இந்த வாய்க்கு அதெல்லாம் தெரியாது.

"அப்ப இதுல எங்களுக்கு என்னம்மா இருக்கு?" வெறுப்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நான் இருக்கேன்" என்றேன். "எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லங்க."

அவர் மனைவிதான் விரலை மடக்கி எதையோ கூட்டிப் பார்த்தார். "அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னா, நீங்க இவருக்கு அக்கா ஆவணும். எனக்கு அண்ணி." கேட்டை முழுசாகத் திறந்தார். "மொதல்ல வண்டிய நிறுத்திட்டு உள்ள வாங்க, அண்ணி."

அப்போதுதான் கவனித்தேன். அவ்வளவு நேரமும் ஸ்கூட்டர் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. சாவியைத் திருகி நிறுத்தினேன்.