குடும்பத் தலைவர் என்ற கட்டம்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்பு முடித்து வந்த வருடக் கடைசியில் சுனாமி அடித்தது. எங்கள் கிழக்குக் கரையில் களுதாவளைப் பக்கம் ஒரு முகாமில், வீடு இழந்தவர்களைப் பதியும் வேலை கிடைத்தது. எல்லோரையும் விட வேகமாகப் பதிகிறேன் என்று எனக்குப் பெருமை.

புது வீட்டுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது; அதில் எழுதும் பெயருக்கே வீடு. யாரையும் கேட்காமல் கணவனின் பெயரையே எழுதிவந்தேன். மூன்றாம் நாள், கணவரோடு வந்த புஷ்பம் அக்கா தன் படிவத்தை வாசிக்கச் சொன்னார்.

"வீடு இவர்ர பேரிலயா? அது கட்டப்போறது எங்கட அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வளவுல. நாளைக்கு மகளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

"படிவத்தில அப்பிடித்தான் அக்கா இருக்கு."

"நீ எந்த ஊர்ப் புள்ள கா? உங்கட வீடு ஆருட பேரில?"

அம்மாவின் பெயரில். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான் என்பது சிறுவயதிலிருந்தே தெரியும். படிவம் கைக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

"அவ சொல்றது சரி தங்கச்சி. நான் கலியாணம் கட்டி அங்க வந்து குடியிருந்த ஆள்தானே" என்றார் அவர் கணவர்.

நல்லவேளை, படிவங்கள் இன்னும் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் போகவில்லை. மேலதிகாரி ஏசினாலும் இரண்டு நாள் தந்தார். கூடாரம் கூடாரமாகப் போய், மன்னிப்புக் கேட்டு, யார் பெயர் என்று விசாரித்து மாற்றி எழுதினேன். மனைவியைக் கடல் கொண்டுபோன ஒருவர், "மகள்ர பேர எழுதுங்க" என்றார். மகளுக்கு நான்கு வயது.

இப்போதெல்லாம் எந்தப் படிவத்தையும் உரியவருக்கு முழுதாக வாசித்துக்காட்டிய பிறகே கையெழுத்து வாங்குகிறேன். என் வேகம் குறைந்துவிட்டது.