மைக் அத்தானின் சனிக்கிழமைகள்

என் அக்கா புருஷனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. தெருவிலும் பஸ் கம்பெனியிலும் அவர் பெயர் மைக். எனக்கு மைக் அத்தான். கையில் மைக் இருக்கும்வரை மனுஷன் ராஜா. அதைப் பிடுங்கிவிட்டால் வீட்டில் ஒரு பல்பு மாற்றத் துப்பில்லை.

எங்கள் நகரத்துக்கு வேலைக்காக வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சனிக்கிழமைதோறும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, ஏரி, கோட்டை, அருவி என்று எதையாவது காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இதுதான் அவர் தொழில். இதற்கு முன்னால் தண்ணீர் வடிகட்டி விற்றார். அப்புறம் டிரைவிங் ஸ்கூல் வைத்தார். அவருக்கே ரிவர்ஸ் எடுக்க வராது. ஒவ்வொன்றும் படுத்தபோது ஜனங்கள் சரியில்லை, ரோடு சரியில்லை என்று காரணம் சொன்னார். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

இந்த டூர் யோசனையும் அவருடையதல்ல. அக்கா மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். சளி, தலைவலி என்று வரும் வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு உண்மையில் வியாதி தலையில் இல்லை, பேச ஆளில்லை. மாத்திரை வாங்கிய பிறகும் கவுண்ட்டரை விட்டு நகராமல் நிற்பார்கள். அக்கா இரக்கப்பட்டு அப்படி மூன்று பெண்களை ஒரு லீவு நாளில் டவுன் பஸ்ஸில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். அடுத்த லீவுக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த லீவுக்கு அத்தான் ஒரு மைக் வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் தலைவர், அக்கா எடுபிடி. விடிவதற்கு முன்பே எழுந்து ரொட்டிக்குள் காய் வைத்துக் காகிதத்தில் மடிப்பவள் அவள். முட்டை அவிப்பவள், பிளாஸ்க்கில் டீ ஊற்றுபவள், பஸ் ஆடினால் வாந்தி எடுப்பவர்களுக்குப் பக்கத்தில் பையை விரித்துக்கொண்டு நிற்பவள் எல்லாம் அவளே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில் போகிறது, வீட்டு ஒப்பந்தமும் அவள் பெயரில்தான். அத்தான் முன்சீட்டில் மக்களுக்கு முகம் காட்டி நின்று, "இந்த பஸ்ல ஏறும்போது அந்நியர், இறங்கும்போது ஒரே குடும்பம்!" என்று முழங்குவார். கைதட்டுவார்கள்.

அந்தக் குடும்பத்தின் லட்சணத்தையும் நான் பார்த்தேன். ஒரே ஒருமுறை, அக்காவின் வற்புறுத்தலில் கூடப் போனேன். போகும் வழி முழுக்கப் பேச்சு ஒன்றுதான்: வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்யவில்லை, மேனேஜர் சரியில்லை, இந்த ஊர் ரொட்டி ரொட்டியே இல்லை. கோட்டையைப் படம் எடுக்கும் நேரம் மட்டும் பார்த்தார்கள். கடல் தாண்டி வந்து வருஷக்கணக்கில் இங்கே குடியிருக்கிறார்கள். எங்களில் ஒருவர் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை. ஒருத்தி என்னிடம், "நீங்க எந்த நாடு?" என்று கேட்டாள். "இதே ஊருதாங்க," என்றேன். "ஓ," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காசு கொடுத்து நட்பு வாங்க வந்த இடத்தில் உள்ளூர்ச் சரக்கு எதற்கு என்று நினைத்தாளோ என்னவோ.

அத்தானுக்கு இன்னொரு பெருமை உண்டு. "இத்தனை வருஷத்துல ஒரு ஆளக்கூட நான் விட்டுட்டு வந்ததில்ல," என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. அந்த வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒரு தடவை ஒருவரை அந்த ஆளுடைய பெண்டாட்டி பெயரால் கூப்பிட்டு மாட்டிக்கொண்டார். அதனால், இறங்கிய உடனே, இடத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே, எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ. திரும்பும்போது அந்தப் படத்தைப் போனில் விரித்துவைத்துக்கொண்டு, சீட்டு சீட்டாகப் போய் மூஞ்சியைப் படத்தோடு ஒத்துப் பார்ப்பார். படத்தில் இருக்கும் மூஞ்சியெல்லாம் பஸ்ஸில் இருந்தால், "ரைட்!" என்பார். பஸ் கிளம்பும்.

படத்தை எடுப்பது யார்? அக்கா. நடுவில் மைக்கோடு அத்தான், சுற்றிலும் வெளிநாட்டுச் சிரிப்புகள். வருஷக்கணக்கான சனிக்கிழமைப் படங்கள் அவர் போனில் கிடக்கின்றன. ஒன்றில்கூட அவள் இல்லை. ஒரே ஒரு படத்தில் தரையில் அவளுடைய நிழல் விழுந்திருந்தது. அதையும் வெட்டிவிட்டுத்தான் விளம்பரத்தில் போட்டார்.

போன மாதம் அருவிக்குப் போன அன்று கிளம்பும் நேரத்தில் ஒருவன் அக்காவிடம் வந்து, தொப்பியை மேலே பாறையில் வைத்துவிட்டேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றானாம். அக்காவுக்குத்தான் யார் முகம் வாடினாலும் பொறுக்காதே. படிக்கட்டில் ஏறிப் போய்த் தேடினாள். தொப்பி அங்கே இல்லை. அவன் பைக்குள்ளேயே இருந்திருக்கும். அவள் இறங்கி வருவதற்குள் அத்தான் படத்தை ஒத்துப் பார்த்து முடித்துவிட்டார். எல்லா மூஞ்சியும் சரி. ரைட். பஸ்ஸுக்கு அன்று வேறு டிரைவர். அவருக்கு அக்காவை அடையாளம் தெரியாது. தொப்பிக்காரன் வாயைத் திறக்கவில்லை. பிளாஸ்க்கையும் போனையும் வைத்திருந்த கூடை பஸ்ஸோடு போய்விட்டது. இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியோடு என் அக்கா அருவிக்கரையில் நின்றாள்.

டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம் போன் வாங்கி என்னைக் கூப்பிட்டாள். நான் கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கும் வேலையில் இருப்பவள். பாதியில் பர்மிஷன் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். டிக்கெட் கவுண்ட்டர் பெஞ்சில் நனைந்த செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தானுக்குப் போன் பண்ணியா?"

"இல்லடி."

"நம்பர் மறந்துபோச்சா?"

"நம்பர் மறக்கல. நீயும் பண்ணாத. அவரா கூப்பிடட்டும்."

"அந்த ஆளா? விடிஞ்சுரும்."

கார் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு சொன்னாள்: "நான் இல்லன்னு அவரே கண்டுபிடிச்சாருன்னா, வழியிலேயே பஸ்ஸ நிறுத்தச் சொன்னாருன்னா, நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். நேரா வீட்டுக்குப் போயிருவேன். எப்பவும்போல இருப்பேன்."

"கண்டுபிடிக்கலைன்னா?"

அவள் மடியில் வைத்திருந்த என் போனை அடிக்கடி திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த மனுஷனுக்கு ஒரு பரீட்சை வைத்து, அவர் பாஸாக வேண்டும் என்று இவளே வேண்டிக்கொள்கிறாள்! அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும். நானே சோதித்திருக்கிறேன், கடைசி வரி எழுத்துவரை வாசித்தார்.

என் வீட்டுக்கு வந்து, அவளுக்கு மாற்றுத்துணி கொடுத்து, தோசை வார்க்கலாம் என்று கல்லை வைத்தபோது போன் அடித்தது. அத்தான். அக்காவின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் அவரை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"உங்க அக்கா அங்க இருக்காளா?"

"ஏன் அத்தான்?"

"ஏனா? வீட்டு வாசல்ல நிக்கிறேன். பூட்டியிருக்கு. சாவி அவகிட்ட இருக்கு. அவ நம்பருக்கு அடிச்சா என் கையில இருக்கிற கூடைக்குள்ள அடிக்குது! ஒரு பொறுப்பு வேண்டாமா? கூடையை பஸ்ல அனுப்பத் தெரிஞ்சவளுக்குப் போனை எடுத்து வச்சுக்கத் தெரியல."

அவர் விடவில்லை.

"இன்னிக்கு என் மானமே போச்சு. வர்ற வழியில டீ எங்க, டீ எங்கன்னு எல்லாரும் கேக்கிறாங்க. டீ குடுக்கிற ஆள் இன்னிக்கு வரலைன்னு மைக்ல மன்னிப்புக் கேட்டேன். நானே மன்னிப்புக் கேட்டேன்!"

அக்கா கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

"நாந்தாங்க பேசுறேன்."

"எங்க போய்த் தொலைஞ்ச?"

"மத்தியானம் உங்களுக்குச் சாப்பாடு யாருங்க குடுத்தா?"

"என்ன கேள்வி இது? பொட்டலம் வந்துச்சு, சாப்பிட்டேன்."

"காலையில குரூப் போட்டோ?"

"எடுத்தாச்சே. நல்லா வந்திருக்கு. எல்லாரும் இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். அவர் யோசிப்பது எங்களுக்குக் கேட்டது. அந்த மனுஷனுக்காக என் வாழ்க்கையில் நான் வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"ஏய்," என்றார். "நீ இன்னிக்கு வந்திருந்தியா?"

கல் காய்ந்து புகைய ஆரம்பித்தது. எனக்கு அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அக்கா அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கேட்பவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் அவள் சொன்னாள்.

"இல்லீங்க. நான் வரல. இனிமேயும் வர மாட்டேன். நீங்க தங்க வேற இடம் பாத்துக்கங்க."

மைக் அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"அப்போ சாவி?"